முச்சந்திக்கு வந்த முறையீடு

1960-களின் தொடக்கம். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லெவி என்ற தொழிற்சாலை உரிமையாளரின் அலுவலக போனில் ஒரு விநோதம் நடந்தது. போன் செய்துவிட்டு, பேச வேண்டிய ஆள் லைனுக்கு வரும்வரை காத்திருந்தவர்களின் காதில் பாட்டு கேட்டது. அலுவலகத்தில் யாரும் பாட்டுப் போடவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தளர்ந்து தொங்கிய போன் ஒயர் ஒன்று, கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் உரசிக்கொண்டிருந்தது. மொத்தக் கட்டடமும் ஒரு ராட்சச ரேடியோவாக மாறி, பக்கத்து வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் ஒயரைச் சரிசெய்துவிட்டு மறந்திருப்பார். லெவி 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார்.

1966-இல் காப்புரிமை கிடைத்தது. காத்திருப்பவரைப் பாட்டுப் போட்டு உட்கார வைக்கும் வழி பிறந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஏ.டி.அண்ட்.டி நிறுவனம் 800 என்று தொடங்கும் இலவச அழைப்பு எண்களைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளருக்குச் செலவில்லை, கம்பெனிக்குத் தலைவலியில்லை. குறை சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவராக, தனித்தனியாக, ஒரு மூடிய அறைக்குள் போனார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஒரே கோளாறால் பத்தாயிரம் பேர் அவதிப்பட்டாலும், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இந்தக் கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. அசைத்தது ஒரு மடிக்கணினி.

2005 ஜூன். ஜெஃப் ஜார்விஸ் பழுத்த பத்திரிகையாளர். டெல் நிறுவனத்தின் மடிக்கணினி வாங்கியிருந்தார். வீட்டுக்கே வந்து பழுது பார்க்க வேண்டும் என்று கூடுதல் பணமும் கட்டியிருந்தார். கணினி பழுதானது. மெக்கானிக் வருவார், ஆனால் அவரிடம் உதிரிபாகம் இருக்காது என்று பதில் வந்தது. வீடு தேடி வருகிறவர் வெறுங்கையோடு வருவதற்கா கூடுதல் பணம்? ஜார்விஸ் தன் வலைப்பூவில் கொதித்து எழுதினார். அந்தத் தொடருக்கு 'டெல் ஹெல்' என்று பெயரே வந்துவிட்டது. ஹெல் என்றால் நரகம். கீழே ஒருவர் எழுதினார், எனக்கும் இதேதான் நடந்தது என்று. இன்னொருவர் எழுதினார். பிறகு நூற்றுக்கணக்கானவர்கள். மூடிய அறைகளில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் டெல் நிறுவனமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வலைப்பூக்களைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்பதே அன்று அந்த நிறுவனத்தின் கொள்கை. மக்கள் தொடர்புத் துறை பேசுவது பத்திரிகைகளோடு. வாடிக்கையாளர் சேவைத் துறை பேசுவது போனில் வருகிறவர்களோடு. நடுத்தெருவில் நின்று பேசுகிறவருக்குப் பதில் சொல்லும் வேலை எந்த மேசையிலும் இல்லை. ஆகஸ்டில் நிறுவனர் மைக்கேல் டெல்லுக்கு ஜார்விஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போட்டிக் கம்பெனியான ஆப்பிளின் கணினிக்கு மாறினார். விஷயம் அதோடு ஆறியிருக்கும். ஆனால் மறு ஆண்டு, ஜப்பானில் நெருப்பு பற்றியது.

2006-இல் ஒசாகா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், டெல் மடிக்கணினி ஒன்று மேசையிலேயே தீப்பிடித்து எரிந்தது. புகைப்படம் இணையம் முழுக்கப் பரவியது. அந்த ஜூலையில்தான் டெல் தனக்கென ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தது. எழுதும் பொறுப்பு லயனல் மெஞ்சாக்கா என்பவருக்கு. கம்பெனியின் மானத்தைக் காப்பாற்ற, எரியும் படத்தைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பதுதான் பழைய பாடம். மெஞ்சாக்கா அந்தப் படத்துக்கே வழிகாட்டி, இதை விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினார். ஆகஸ்டில் சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு அக்டோபரில், டெல் காது கொடுக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி பிசினஸ் வீக் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜெஃப் ஜார்விஸ்! ஒரு கம்பெனி பாடம் கற்றுவிட்டது. இன்னொரு கம்பெனிக்கு அதைவிடக் கடுமையான பாடம் காத்திருந்தது.

அதன் பெயர் காம்காஸ்ட். பிலடெல்பியாவில் தலைமையகம்; கேபிள் டிவியும் இணைய இணைப்பும் விற்கும் பெரிய நிறுவனம். 2006 ஜூனில் வாஷிங்டனில் ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கு அதன் மெக்கானிக் வந்தார். வேலையின் நடுவே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார், காத்திருந்தார், காத்திருந்தபடியே சோபாவில் தூங்கிப்போனார். வீட்டுக்காரர் அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மெக்கானிக்குக்கு வேலை போனது. அவரைத் தூங்க வைத்தது சொந்தக் கம்பெனியின் போன் லைன்தான். அந்த லைன் மாறவில்லை. அடுத்த அடி ஒரு சுத்தியலாக விழுந்தது.

2007 ஆகஸ்ட். வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் ஊரில், 75 வயதுப் பாட்டி ஒருவர் கணவரோடு காம்காஸ்ட் அலுவலகத்துக்குப் போனார். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, மேலாளர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். பாட்டியும் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது அவர் கையில் சுத்தியல் இருந்தது. கீபோர்டு, மானிட்டர், போன் எல்லாம் நொறுங்கின. கோர்ட் அபராதம் போட்டது. ஆனால் வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டதும் நாடே பாட்டியின் பக்கம் நின்றது. காம்காஸ்ட்டுக்குப் புது மெஷின் தேவைப்படவில்லை, விளம்பரமும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது காது கொடுக்க ஓர் ஆள். அந்த ஆள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார்.

ஃபிராங்க் எலியசன் 2007 செப்டம்பரில் காம்காஸ்ட்டில் சேர்ந்தவர். அதற்கு முன் நிதி நிறுவனங்களில் வாடிக்கையாளர் சேவை பார்த்தவர். 2008-இன் தொடக்கத்தில் அவருக்கு ஒரு புது வேலை வந்தது: வலைப்பூக்களில் யார் திட்டுகிறார்கள் என்று பார்த்து, அவர்களைத் தேடிப்பிடித்து உதவுவது. சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் மிரண்டுபோனார்கள். நம் பாட்டுக்குப் புலம்பினோம், கேபிள் கம்பெனி எப்படி நம்மைக் கண்டுபிடித்தது என்று ஒரு கல்லூரி மாணவர் கலங்கினார். அந்தக் கலக்கம் நியாயமானது. திண்ணைப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு வீட்டுக் கதவைத் தட்டினால் யாருக்கும் சங்கடம்தான். திண்ணையும் இல்லாத, வீட்டுக்குள்ளும் இல்லாத ஒரு பொது இடம் தேவைப்பட்டது. அப்படி ஓர் இடம் இரண்டு வருடமாகத் திறந்தே கிடந்தது.

ட்விட்டர் 2006 மார்ச்சில் பிறந்தது. ஒரு செய்திக்கு 140 எழுத்துகள்தான். எஸ்.எம்.எஸ்ஸில் அடங்கும் 160 எழுத்துகளில், அனுப்புகிறவரின் பெயருக்கு 20 ஒதுக்கியது போக மிஞ்சிய கணக்கு அது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் இடமாகத்தான் பலர் அதைப் பார்த்தார்கள். 2008 ஏப்ரலில், டெக்கிரஞ்ச் என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பத் தளத்தின் நிறுவனர் மைக்கேல் ஆரிங்டனின் வீட்டில் காம்காஸ்ட் இணையம் செத்துப்போனது. போன் செய்து பார்த்தார். ஒன்றரை நாளாகியும் உயிர் வரவில்லை. கோபத்தை ட்விட்டரில் கொட்டினார். 20 நிமிடத்துக்குள் பிலடெல்பியாவிலிருந்து ஒரு காம்காஸ்ட் அதிகாரி போன் செய்தார். ஆரிங்டன் அசந்துபோய் அதையும் எழுதினார். ஆனால் அவர் பிரபலம், பிரபலத்துக்கு யாரும் ஓடிவருவார்கள். பெயர் தெரியாத ஒரு சந்தாதாரர் கத்தினால் வருவார்களா?

அந்தக் கேள்விக்குப் பதில் அந்த வசந்த காலத்திலேயே கிடைத்தது. ட்விட்டரில் 'காம்காஸ்ட் கேர்ஸ்' என்ற கணக்கு தோன்றியது. அதன் பின்னால் இருந்தவர் எலியசன். கம்பெனியின் பெயரைச் சொல்லி யார் புலம்பினாலும், அவர் இரண்டே சொல் கேட்டார்: "நான் உதவலாமா?" விளக்கமில்லை, வாதாட்டமில்லை. மக்கள் தொடர்புத் துறையில் ஓர் அறிக்கை வெளியே போவதற்கு முன் பத்துக் கைகள் மாறும். வக்கீல்கூட ஒருமுறை வாசிப்பார். 140 எழுத்தில், அடுத்த நிமிடமே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அதெல்லாம் நடக்கவில்லை. அறிக்கையின் மொழி அங்கே நுழைய முடியாததால் மனிதர் பேசும் மொழி நுழைந்தது. ஃபிராங்க் என்ற ஓர் ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்ததும், திட்ட வந்தவர்களின் குரல் தணிந்தது. ஆனால் உதவி செய்யப் போன இடத்தில் புதுச் சிக்கல் முளைத்தது.

பழுதைப் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு எண் வேண்டும், போன் நம்பர் வேண்டும். அதை முச்சந்தியில் நின்று உரக்கச் சொல்ல முடியுமா? ட்விட்டரில் தனிச்செய்தி அனுப்பும் வசதி இருந்தது. ஆனால் வாங்குகிறவர் அனுப்புகிறவரைப் பின்தொடர்ந்தால்தான் அது போய்ச் சேரும். ஆகவே ஒரு சடங்கு உருவானது. முறையீடு பொதுவெளியில் வரும். பதிலும் பொதுவெளியிலேயே போகும். இருவரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்துகொள்வார்கள். பிறகு, எண்ணைத் தனியாக அனுப்புங்கள் என்ற அழைப்பு. ஊர் முன்னால் கேட்பது, தனியே அழைத்துத் தீர்ப்பது. பிசினஸ் வீக் இதழ் எலியசனை அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வாடிக்கையாளர் சேவை மேலாளர் என்று கொண்டாடியது. மற்ற கம்பெனிகள் வேடிக்கை பார்த்தன. வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு விமான நிறுவனம் ஒரு கிதாரால் அடிபட்டது.

அதே 2008, மார்ச் 31. கனடாவின் பாடகர் டேவ் கரோல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் பயணம் செய்தார். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில், ஊழியர்கள் இசைக்கருவிகளைத் தூக்கி எறிவதைச் சக பயணி ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துக் கூவினார். கரோலின் 3,500 டாலர் கிதார் உடைந்திருந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆனது. ஒன்பது மாதம் அலைந்தார். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று கையை விரித்தார்கள். அப்படியானால் பாட்டு எழுதுகிறேன் என்றார். 2009 ஜூலை 6 அன்று பாட்டு யூடியூபில் ஏறியது. ஒரே நாளில் 1,50,000 பேர் பார்த்தார்கள். யுனைடெட் ஓடிவந்தது. கரோல் தனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்ல, 3,000 டாலர் ஒரு ஜாஸ் இசைப் பள்ளிக்கு நன்கொடையாகப் போனது. ஒரே ஒரு பயணியின் கோபம் இவ்வளவு தூரம் போகுமென்றால், ஒரே நாளில் லட்சக்கணக்கான பயணிகள் தவித்தால் என்னவாகும்? அந்த நாளும் வந்தது.

2010 ஏப்ரல் 14. ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை வெடித்தது. சாம்பல் மேகம் ஐரோப்பாவின் வானத்தை மூடியது. ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. நெதர்லாந்தின் கே.எல்.எம் நிறுவனத்தில் போன் லைன்கள் திணறின. லைன் கிடைக்காதவர்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் கேட்கத் தொடங்கினார்கள். நிறுவனம் அந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ளவில்லை. பல துறைகளிலிருந்து ஊழியர்கள் தாமாக முன்வந்து இரவு பகலாகப் பதில் எழுதினார்கள். சாம்பல் படிந்து வானம் தெளிந்த பின்பும் அந்த வேலை நிற்கவில்லை. சமூக ஊடகச் சேவைக்கென்று 24 மணி நேரமும் இயங்கும் குழுவே பிறந்தது. ஆபத்துக்குப் போட்ட பந்தல் நிரந்தரக் கூரையாகிவிட்டது. அதே பந்தல் இந்தியாவிலும் எழுந்தது. எழுப்பியது தனியார் கம்பெனி அல்ல.

2014 நவம்பரில் சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சரானார். அமைச்சகத்தின் ட்விட்டர் கணக்குக்கு வரும் செய்திகள் அந்தந்தக் கோட்ட அதிகாரிகளுக்குப் போகத் தொடங்கின. 2015 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்த பெண் பயணி ஒருவர், ஷேகாவ்ன் நிலையத்தில் ஓர் ஆண் தொல்லை தருவதாக எழுதினார். ரயில் பூசாவல் நிலையம் சேர்ந்தபோது ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். குழந்தைக்குப் பால் கேட்டவர்களுக்குப் பால் வந்தது. புகார்ப் புத்தகத்தைத் தேடி நிலைய அதிகாரியின் அறைக்கு அலைந்த ஒரு நாட்டில், ஓடும் ரயிலிலிருந்து சொன்னது அடுத்த ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது.

இன்று சென்னையிலிருந்து தெற்கே போகும் ஏதோ ஒரு ராத்திரி ரயிலில், பெட்டியில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பயணி எழுதுகிறார். சில நிமிடத்தில் அடியில் ஒரு வரி முளைக்கிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம், பிஎன்ஆர் எண்ணையும் கைபேசி எண்ணையும் தனிச்செய்தியில் அனுப்பவும். பயணி அதை வியப்பில்லாமல் வாசித்து, எண்ணை அனுப்பிவிட்டு, போர்வையை இழுத்துக்கொள்கிறார். வங்கிக்கும், போன் கம்பெனிக்கும், சாப்பாடு கொண்டுவரும் ஆப்புக்கும் இதே வரிதான். மடிக்கணினி எரிந்து, மெக்கானிக் தூங்கி, சுத்தியல் விழுந்து, கிதார் உடைந்து, எரிமலை வெடித்து வந்து சேர்ந்த வரி அது.

இப்போது அந்த வரியைப் பல இடங்களில் மெஷினே எழுதிவிடுகிறது. வருந்துகிறோம் என்பது நொடியில் வருகிறது. எண்ணை அனுப்பிய பிறகு நாள்கள் நகர்கின்றன. ஃபிராங்க் எலியசன் கேட்ட அந்த இரண்டு சொல் பலித்ததற்குக் காரணம் ட்விட்டர் அல்ல; கேட்டுவிட்டு அவர் எழுந்து போகவில்லை என்பதுதான். வரிக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்வரை அது பதில். அந்த நாற்காலி காலியாகிவிட்டால், இரும்பு உத்தரத்தில் உரசிய ஒயரில் லெவி கேட்ட அதே பாட்டுதான் மறுபடி ஓடத் தொடங்கும்.