காறல்மானும் கடற்கரைச் சனங்களும்

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சிலப்பதிகாரம் முதல் புதுக்கவிதை வரை நடத்தினார்கள். கேரளக் கடற்கரைச் சனங்க கிரீடமும் வாளுமாய் ஐரோப்பிய ராசா வேசம் கட்டி, தமிழ் கலந்த பாட்டைப் பாடி ஆடுகிறார்கள் என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. நண்பர் ஒருவர் கூட்டிப்போய், கோதுருத்தில் சர்ச் திருவிழா ராத்திரியில்தான் சவிட்டு நாடகத்தைப் பார்த்தேன்.

ஆடியவர்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. பகலில் வலை இழுப்பவர்கள், படகு வேலை பார்ப்பவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். அப்பன் சேனாதிபதி, மகன் இளவரசன், மாமன் கட்டியக்காரன். எதிரே குஞ்சு குளுவானோடு குடும்பம் குடும்பமாய்ச் சனம். சவிட்டு என்றால் மிதி. செண்டைக்கும் இலைத்தாளத்துக்கும் ஈடாகப் பலகை மேடை அதிர மிதிக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்கிறவரை ஆசான் என்கிறார்கள், அண்ணாவி என்கிறார்கள். பாட்டுச் சுவடி அவரிடம்தான் இருக்கும். ‘காறல்மான் சரித’த்தைக் கட்டியவர் தமிழ்நாட்டிலிருந்து போன சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழியாக வரும் பேச்சு.

காறல்மான் வேறு யாருமில்லை, பிராங்க் மன்னன் சார்லமேன். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ கையால் பேரரசனாக முடிசூடியவன். அவனும் அவனது பன்னிரண்டு வீரர்களும் நடத்திய சண்டைதான் கதை. முழுசாக ஆடி முடிக்கப் பதினைந்து ராத்திரி பிடிக்குமாம்.

இந்தக் கதை போர்த்துக்கீசியரோடு வந்தது. அவர்கள் 1498இல் வந்து இறங்கிய மண்ணில் கூடியாட்டம் கோயில் கூத்தம்பலத்துக்குள் நடந்தது. அங்கே அவர்ணர் நுழைய முடியாது. திருவிதாங்கூரில் கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. மதம் மாறிய முக்குவர் முதலான சனங்களைப் பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் சரிக்குச் சமமாக நடத்தவில்லை. அப்படிப்பட்ட சனம் வெல்வெட்டும் தங்கச் சரிகையும் உடுத்தி, ஊர் நடுவே ராசாவாக மிதித்ததென்றால் அது சும்மா பொழுதுபோக்கா?

ஆனால் இன்னொன்றும் கேட்டாக வேண்டும். அந்த வாள் யார் மேல் பாய்கிறது? கதையில் எதிரி முஸ்லிம் ராசா. வரலாறு வேறு. 778இல் பிரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையை அழித்தவர்கள் பாஸ்க் மக்கள். அவர்களது ஊரான பம்ப்ளோனாவின் மதிலை அவன் இடித்திருந்தான். அவன் அவையிலிருந்த எயின்ஹார்ட் எழுதியதே அப்படித்தான். முந்நூறு வருசம் கழித்து, சிலுவைப்போர்க் காலத்து ரோலண்ட் பாட்டில், அழித்தவர்கள் முஸ்லிம்கள் ஆகிவிட்டார்கள். எதிரியை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். மிளகு வியாபாரத்துக்காக மரக்காயர்களோடு கடலில் மோதி, 1600இல் நான்காம் குஞ்ஞாலியைக் கோவாவில் கொன்ற போர்த்துக்கீசியருக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்குமா?

ஆட்டம் முடிந்து விடிகாலையில் கட்டஞ்சாயா குடிக்கும்போது அண்ணாவியிடம் கேட்டேன்: “பக்கத்துலயே மாப்பிள்ளைமார் இருக்காங்களே அண்ணாவி, இந்தக் கதை சங்கடமா இல்லையா?”

மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: “துருக்க ராசா வேசம் லேசு இல்ல தம்பி. நல்லா மிதிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அதைக் கொடுப்போம். அவன் சரியா மிதிக்கலேன்னா காறல்மானுக்கு என்ன வேலை?”

அழகான பதில். ஆனால் எனக்குப் போதவில்லை. நம்ம சனங்களின் கையில் வாளைக் கொடுத்து, இன்னொரு சனத்தைக் காட்டி வெட்டச் சொல்வது பழைய கதை மட்டுமா? இங்கேயும் அதுதானே நடக்கிறது!

சுவடியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாப் போட்டியிலும் சவிட்டு நாடகம் இருக்கிறது, சந்தோசம். தமிழ்த்துறைகளும் அந்தச் சுவடிகளைத் தேடிப் போகட்டும். கிரீடம் எவனோ கொடுத்தது, கதை எவனோ திரித்தது. பலகை அதிர மிதித்த கால் மட்டும் அந்தச் சனங்களுடையது. அந்தக் காலுக்கேற்ற கதையை இனிமேல்தான் எழுத வேண்டும்.