‘இம்ப்ரூவ்’ என்னும் ஆங்கில வினை: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்களின் பொருள் மாற்றத்தை மொழியியலாளர் பொதுப் பொருட்பேறு, சிறப்புப் பொருட்பேறு, உயர் பொருட்பேறு, இழி பொருட்பேறு என வகுத்துக் கூறுவர். மாற்றம் எத்திசையில் நிகழ்ந்தது என்பதை இவ்வகைப்பாடு காட்டும். அது ஏன் நிகழ்ந்தது என்பதைக் காட்டாது. அதனை அறிய, சொல்லை வழங்கிய மக்களின் வாழ்க்கையை, சிறப்பாக அவர்தம் உற்பத்தி உறவுகளை நோக்குதல் வேண்டும். ‘இம்ப்ரூவ்’ என்னும் ஆங்கில வினை இதற்குத் தக்க சான்றாகும். இன்று அது ‘மேம்படுத்து’, ‘சீர்திருத்து’, ‘முன்னேறு’ எனப் பலவாறு தமிழிற் பெயர்க்கப்படுகின்றது. ஆயின் அதன் பழம்பொருள் இவற்றுள் எதுவுமன்று. ‘இலாபமீட்டு’ என்பதே அதன் முதற்பொருள்.

1. சொல்லின் பிறப்பு

நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066ஆம் ஆண்டின் பின்னர், அந்நாட்டின் சட்டத்திலும் நில நிருவாகத்திலும் பிரெஞ்சு மொழியின் ஒரு கிளை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. ஆளும் நிலவுடைமையாளரின் அம்மொழியில் இலாபத்தைக் குறித்த ‘புரூ’ என்னும் பெயர்ச்சொல்லின் அடியாகப் பிறந்ததே இவ்வினை. ஆங்கிலத்தில் அதன் தொடக்க கால ஆட்சியில், ஒருவர் ஒரு நிலத்தினின்று ‘தமக்கு’ ஆதாயந் தேடிக்கொள்ளுதல் என்னும் தற்சுட்டு அமைப்புக் காணப்படுகின்றது. தமிழ் இலக்கணத்தின் வாய்பாட்டிற் கூறுவதாயின், இவ்வினை நான்காம் வேற்றுமையை வேண்டி நின்றது. ஆதாயம் யாருக்கு என்ற வினாவுக்கு விடை, தொடரிலேயே அமைந்திருந்தது.

இதனோடு உறவுடைய சட்டச்சொல் ஒன்றும் இருந்தது. 1236ஆம் ஆண்டின் மேர்ட்டன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்து, எஞ்சிய பொதுத் தரிசை நிலப்பிரபு தம் வசமாக்கிக்கொள்ள இடமளித்தது. இவ்வுரிமை ஆங்கிலச் சட்டத்தில் ‘அப்ரூவ்மென்ற்’ எனப்பட்டது. ஒப்புதலைக் குறிக்கும் ‘அப்ரூவ்’ என்னும் சொல்லோடு இது ஒலியளவில் ஒன்றுபட்டதேயன்றி, வேரால் அந்த இலாபச் சொல்லின் குடும்பத்தையே சார்ந்தது. எனவே, தரிசை அடைத்தல், அதனால் இலாபமீட்டல் ஆகிய இரண்டும் தொடக்கத்திலிருந்தே இச்சொற்குடும்பத்தில் இணைந்து கிடந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பொருள் திரிந்த நூற்றாண்டு

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நிலமானிய உறவுகள் சிதைந்து, சந்தைக்காக உற்பத்தி செய்யும் வேளாண்மை தலையெடுத்தது. வேலியிட்டு, நீர் வடித்து, உரமிட்டுப் பயிர் செய்த நிலம் கூடிய குத்தகையைத் தந்தது. இலாபத்தைப் பெருக்குதலும் நிலத்தின் தரத்தை உயர்த்துதலும் உடையவனின் கண்ணுக்கு ஒரே செயலாகத் தோன்றின. இவ்விடத்திலேதான் ‘இலாபமீட்டு’ என்பது ‘நன்றாக்கு’ என்பதாகத் திரியத் தொடங்கியது.

1649ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. மன்னன் முதலாம் சார்ள்ஸ் கொல்லப்பட்ட அவ்வாண்டிலே, நாடாளுமன்றப் படையிற் பணிபுரிந்த வோல்ற்றர் பிளித் இவ்வினையின் அடியாகப் பிறந்த பெயரையே தலைப்பிற் கொண்ட வேளாண்மை நூலொன்றை வெளியிட்டார். 1652இல் அதன் விரிந்த பதிப்பு வந்தபோது, நூலே ‘இம்ப்ரூவ்’ செய்யப்பட்டதாகத் தலைப்பு அறிவித்தது. நிலத்துக்குரிய சொல் நூலுக்கும் ஏறிவிட்டமையை இது காட்டுகின்றது. அதே 1649இன் ஏப்பிரல் மாதத்தில், ஜெரார்ட் வின்ஸ்ரன்லியும் அவரைச் சார்ந்த ‘டிக்கர்’ எனப்பட்ட ஏழை மக்களும் சரே மாவட்டத்தின் சென் ஜோர்ஜ் குன்றிற் பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிட்டனர். தரிசைப் பயன்படுத்துதல் வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. விளைவு தனியுடைமையாளனுக்கா, உழைக்கும் பொதுமக்களுக்கா என்பதே வேறுபாடு. டிக்கர்கள் துரத்தப்பட்டனர், இவ்வினைக்கு அவர்கள் தந்திருக்கக்கூடிய பொருளும் அவர்களோடு அகன்றது.

1689இன் இறுதியில் வெளிவந்த ஜோன் லொக்கின் ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ இப்பொருட்டிரிபுக்குத் தத்துவ அடிப்படை வழங்கியது. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது என்பது அவர் வாதம். முதல் நோக்கில் இது உழைப்பாளியின் உரிமைக் குரல் போலத் தோன்றும். ஆயின் தம் ஏவலாளன் வெட்டிய புற்கரணையையும் லொக் எசமானின் உடைமையாகவே கணக்கிட்டார். ‘இம்ப்ரூவ்’ செய்பவன் கையால் உழைப்பவனல்லன். உழைப்பை ஏவி ஆள்பவன். வினையின் எழுவாய் இவ்வாறு மாற்றப்பட்டது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் நிலம் முறையாகப் பயன்படுத்தப்படாத நிலமே என்ற முடிவும் இவ்வாதத்தினின்று பெறப்பட்டது. கரோலினாக் குடியேற்றத்தின் உடைமையாளருக்கு லொக் செயலாளராக இருந்தவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

3. அறச்சொல்லும் அடைப்புச் சட்டமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சொல் நிலத்தினின்று மனிதனுக்கும் பரந்தது. ஓய்வு நேரம், கல்வி, உரையாடல், ஒழுக்கம் யாவும் ‘இம்ப்ரூவ்’ செய்யப்பட்டன. பொருள் ஈட்டுதலும் பண்பில் உயர்தலும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டமை, எழுச்சியுற்ற வர்க்கத்தின் தன்மதிப்புக்கு மிகவும் உகந்ததாயிற்று. ‘கலைச்சொற்கள்’ பற்றி 1976இல் றேமன்ட் வில்லியம்ஸ் வெளியிட்ட நூல் இவ்விரு பொருள்களின் பிணைப்பையும் அதனுள் அடங்கிய முரணையும் எடுத்துக்காட்டியது. ஜேன் ஒஸ்ற்றினின் ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ (1814) நாவலிற் செல்வர் தம் தோட்டங்களை அழகுபடுத்தும் திட்டங்களைப் பேசுகின்றனர். அந்நாவலின் பெருமாளிகையின் தலைவருக்கோ அன்ரிகுவாத் தீவிலும் தோட்டமுண்டு. இனிய சொல்லின் பின்னே செல்வத்தின் ஊற்று எங்கிருந்தது என்பதை அந்நாவல் உரக்கக் கூறாவிடினும் மறைக்கவுமில்லை.

இச்சொல் இவ்வாறு மென்மையுற்ற காலமே அடைப்புகள் உச்சமடைந்த காலமுமாகும். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் இங்கிலாந்தில் நிறைவேற்றப்பட்டன. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் பரப்பில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மேல், இவ்வாறு மாற்றமுற்றது. 1793இல் நிறுவப்பட்ட வேளாண்மைச் சபையின் செயலாளர் ஆதர் யங் அடைப்பின் முன்னணிப் பிரசாரகர். அவரே 1801இல், இச்சட்டங்களுள் மிகப் பெரும்பாலானவற்றால் ஏழைகள் ஊறுற்றனர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஸ்கொத்லாந்தின் சதர்லாந்துப் பிரதேசத்தில் இம்முரண் அப்பட்டமாக வெளிப்பட்டது. 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர் என்றும், 1825 அளவில் அந்நிலத்தில் 1,31,000 செம்மறியாடுகள் மேய்ந்தன என்றும் மாக்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் காட்டுகின்றார். பண்ணையின் நிருவாகியான ஜேம்ஸ் லொக் இந்நிகழ்வுகளை விளக்கி 1820இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் ‘இம்ப்ரூவ்மென்ற்ஸ்’ என்ற சொல்லே இடம்பெற்றது. வெளியேற்றமும் மேம்பாடும் அங்கு ஒரே செயலின் இரு பெயர்கள்.

இதனைக்கொண்டு அக்கால வேளாண்மை முன்னேற்றம் முழுவதும் பொய் எனக் கொள்ளுதல் இயங்கியல் நோக்காகாது. பயிர்ச் சுழற்சியும் நீர்வடிப்பும் கால்நடைப் பெருக்கமும் உற்பத்திச் சக்திகளை மெய்யாகவே வளர்த்தன. வளர்ச்சி மெய், அதன் பயன் பொதுவானது என்பதே பொய்.

4. கடல் கடந்த சொல்

பேரரசோடு இச்சொல்லும் பயணஞ் செய்தது. 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரி ஏற்பாட்டைச் செய்த கோர்ண்வாலிஸ் பிரபு, ஜமீன்தார்கள் இங்கிலாந்தின் நிலவுடைமையாளர் போன்று நிலத்தை வளம்படுத்துவர் என எதிர்பார்த்தார். குத்தகை வாங்கி வாழும் இடைநிலையாளரே அங்கு பெருகினர். இவ்வேற்பாட்டின் சிந்தனை வரலாற்றை றணஜித் குஹா 1963இல் விரிவாக ஆராய்ந்தார்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்களை, மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. கிராம மக்களின் சேனையும் மேய்ச்சல் வெளியும் இவ்வரையறையுள் அகப்பட்டன. இவ்வாறு தோட்டங்களுக்குச் சென்ற நிலங்களிற் கோப்பியையும், 1869இல் இலைநோய் தோன்றிய பின்னர் படிப்படியாகத் தேயிலையையும் வளர்த்த தொழிலாளரிற் பெரும்பாலார் தென்னிந்தியத் தமிழர். நிலத்தை மெய்யாகத் திருத்திய கைகளுக்கு அந்நிலத்தில் உரிமை எதுவுமில்லை. லொக்கின் ஏவலாளனுடைய நிலையே இங்கும் அமைந்தது.

5. முடிவுரை

‘திருத்து’ என்னும் தமிழ் வினையும் நிலத்துக்கும் எழுத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பொதுவாக வழங்குகின்றது. ஆயின் அது செம்மையாக்குதலினின்று பிறந்தது. ஆங்கில வினையோ இலாபத்தினின்று பிறந்து செம்மையின் உடையை அணிந்தது. அவ்வாறு அணிந்த காலத்தில் அது தன் நான்காம் வேற்றுமையை இழந்தது. ‘தமக்கு ஆதாயந் தேடினார்’ என்ற தொடர் ‘நிலத்தை மேம்படுத்தினார்’ என்றானபோது, யாருக்கு என்ற வினா இலக்கணத்தினின்றே மறைந்தது.

இன்று நாம் அபிவிருத்தி என்றும் மேம்பாடு என்றும் பெயர்த்து வழங்கும் சொற்களிலும் இவ்வெற்றிடம் உண்டு. சொற்களைக் கைவிடுதல் தீர்வன்று. மேம்பட்ட நிலமும் நீரும் வீதியும் மக்களுக்கு வேண்டியவையே. எங்கெல்லாம் இவ்வினை ஆளப்படுகின்றதோ அங்கெல்லாம் விடுபட்ட வேற்றுமையை நிரப்பி வாசித்தல் வேண்டும். உழைத்தவர் யார், பயன் யாருக்கு, நீங்கியவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை, அத்தொடரின் பொருள் நிறைவெய்தியதாகக் கொள்ளல் ஆகாது.