எலப்புள்ளி எல்லைப் பகுதியில் மகப்பேறு, குடும்பநல முதுநிலைப் பயிற்சி

எலப்புள்ளி, பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழக எல்லைக்கு அருகிலுள்ள கிராமப் பஞ்சாயத்து. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி என்று கிழக்கே போகப்போக வீட்டுமொழி தமிழாகிவிடும். சிக்கலான பிரசவம் என்றால் இப்பகுதியினர் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார்கள். மகப்பேறு, குடும்பநலத் துறைகளில் மேற்படிப்பு நாடும் இவ்வூர் மருத்துவருக்கும் செவிலியருக்கும் வாய்ப்புகள் அதேபோல எல்லையின் இருபுறமும் உள்ளன.

பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் கேரளப் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின்கீழ் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி 1966இலிருந்து நடக்கிறது. மகப்பேறு, மகளிர் நோயியல் முதுநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. நீட் முதுநிலைத் தேர்வு வழியே சேர்க்கை. முதுநிலை மருத்துவ இடங்களை வசிப்பிட அடிப்படையில் ஒதுக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. படித்த கல்லூரியை வைத்துத் தரும் முன்னுரிமைக்கு ஓரளவு இடம் விட்டது. எந்த மாநிலத்தில் வீடு, எந்த மாநிலத்தில் படிப்பு என்ற கேள்வி எல்லையோரக் குடும்பங்களைத் துரத்திக்கொண்டே இருப்பதால், இத்தீர்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கு முக்கியமானது.

சிறிய ஊர் மருத்துவமனைகளை நெடுங்காலம் தாங்கியவர்கள் டி.ஜி.ஓ. என்னும் இரண்டாண்டு மகப்பேறு டிப்ளமோ முடித்தவர்கள். டிப்ளமோ இடங்களைப் பட்ட இடங்களாக மாற்றும் நடவடிக்கை 2019ஐ ஒட்டி வேகம்பெற, இந்த இடைப்படி மெலிந்தது. தேசியத் தேர்வு வாரியம் மகப்பேறு, குழந்தை மருத்துவம், மயக்கவியல், குடும்ப மருத்துவம் உள்ளிட்ட துறைகளில் இரண்டாண்டு டிப்ளமோவை 2020இல் அறிமுகப்படுத்தியது. கல்லூரி அல்லாத மருத்துவமனைகளிலும் இதைப் படிக்கலாம் என்பதே இதன் பெருமதிப்பு. வேலையை விடாமல் படிக்க வேண்டியவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. தொலைநிலையில் நடத்தும் குடும்ப மருத்துவ டிப்ளமோ உண்டு.

மருத்துவர் அல்லாதோருக்கான வழிகளில் முதலில் சொல்ல வேண்டியது காந்திகிராமம். டெல்லியில் மருத்துவம் படித்த சௌந்தரமும், நெய்யாற்றின்கரைக்காரரான அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் அருகே இதை நிறுவினார்கள். தமிழ்ப் பெண்ணும் மலையாளியும் சேர்ந்து கட்டிய நிறுவனம் என்பதை இந்த எல்லை வட்டாரத்தார் தங்களுடையதாகவே கொண்டாடலாம். அங்கே 1964இல் உருவான ஊரக நல, குடும்பநல நிறுவனம் கிராமச் செவிலியர், பெண் சுகாதார மேற்பார்வையாளர் பயிற்சிகளோடு, பட்டதாரிகளுக்குச் சுகாதாரக் கல்வி டிப்ளமோவும் அளித்துவருகிறது. ஆத்தூர் வட்டாரத்தில் அது குடும்பக் கட்டுப்பாட்டுக் களப்பணியும் செய்தது.

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டத்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையம் 1997இலிருந்து வழங்குகிறது. இனப்பெருக்க நலத்தில் பாலினமும் உரிமையும் பற்றிய குறுகிய காலப் பயிற்சியையும் அது நடத்தியது. அங்கே பேராசிரியராக இருந்த டி.கே. சுந்தரி ரவீந்திரன் பொருளியல் படித்தவர். செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தலித் பெண்களோடு சேர்ந்து கிராமப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கியவர். குடிசைகளில் கேட்டறிந்தவை பாடத்திட்டத்துக்குள் வந்ததற்கு அவர் பணியைவிட நல்ல சான்று சொல்வது கடினம்.

செவிலியர் எம்.எஸ்சி. பட்டத்தில் மகப்பேறுச் செவிலியத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். இயல்பான பிரசவங்களைத் தாமே முன்னின்று நடத்தும் செவிலியர்களை உருவாக்க, மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் பதினெட்டு மாதப் பயிற்சி ஒன்றை வகுத்தது.

இப்பயிற்சிகள் எதற்கு என்பதை எண்களே சொல்லும். 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய்மார் இறப்பு கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் ஒவ்வோர் இறப்பையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து, ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் எங்கே கைமீறின என்று அறிக்கையாகத் தருகிறது. முதுநிலை மாணவர்கள் பாடநூலுக்கு நிகராக இந்த அறிக்கைகளைப் படிக்க வேண்டும். ஆனால் இதே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் சத்துக்குறைவும் ரத்தசோகையும் அதற்குப் பெருங்காரணங்களாகச் சுட்டப்பட்டன. அங்குள்ள இருளர் பழங்குடியினரின் பேச்சும் தமிழும் புரிந்த ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ்களுக்கு உயர்பயிற்சியில் முதலிடம் தர வேண்டிய தேவை அட்டப்பாடியின் கோட்டத்தறை, அகளிப் பக்கத்தில்தான் மிக அதிகம்.