நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு நாள்தோறும் மாத்திரை: பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

புது தில்லி: நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் இன்று வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுகின்றனர். உணவுக்குப் பின் நாள்தோறும் உட்கொள்ளும் ‘இமாட்டினிப்’ மாத்திரையே அவர்களுக்கான முதன்மை மருந்தாக உள்ளது. ஒரு காலத்தில் உயிர்க்கொல்லியாக இருந்த இந்நோயை, நீரிழிவைப் போல் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்க இம்மருந்து வழிவகுத்தது. அதே வேளையில், மருத்துவமனையில் செவிலியர் ஏற்றிருந்த பொறுப்பு நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் வந்து சேர்ந்துள்ளது. எனவே, மருந்தை எவ்வாறு உட்கொள்ள வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மருந்து செயல்படும் விதம்

இந்நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களில் 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு சுருங்கிய 22-ஆவது குரோமோசோம், 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் கண்டறியப்பட்டதால் ‘பிலடெல்ஃபியா குரோமோசோம்’ என்றே பெயர் பெற்றது. இந்த இடமாற்றத்தால் உருவாகும் கலப்பு மரபணு ஒரு நொதியை ஓய்வின்றி இயக்குகிறது. வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அந்த நொதியைத் தடுப்பதே இமாட்டினிப் மருந்தின் பணியாகும்.

அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு மே மாதம் இம்மருந்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இம்மருந்தை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களைத் தொடர்ந்து கண்காணித்த பன்னாட்டு ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருப்போர் விகிதம் 83.3 சதவீதமாக மதிப்பிடப்பட்டது.

மூன்று நாள் தவறினால்

மருந்து நொதியைத் தடுத்து வைக்கிறதே தவிர, நோயின் மூல உயிரணுக்களைப் பெரும்பாலும் முற்றாக அழிப்பதில்லை. ஆகவே, உடல்நலம் தேறியதாகத் தோன்றினாலும் மாத்திரையைத் தொடர வேண்டும்.

லண்டனில் உள்ள ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்துப் புட்டியின் மூடியில் பொருத்தப்பட்ட மின்னணுக் கருவி, புட்டி திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையையும் பதிவு செய்தது. மொத்த அளவில் 90 சதவீதத்துக்கும் அதிகமாக உட்கொண்டவர்கள், நோய் மரபணு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும் நிலையை 6 ஆண்டுகளில் அடையும் வாய்ப்பு 94.5 சதவீதமாக இருந்தது. 90 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உட்கொண்டவர்களுக்கு அது 28.4 சதவீதம் மட்டுமே. முப்பது நாள் கொண்ட மாதத்தில் மூன்று நாள் மறந்தாலே 90 சதவீதம் என்ற அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம்.

உட்கொள்ளும் முறை

நோயின் தொடக்கநிலையில் உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 400 மி.கி. அளவு ஒரே வேளையில் வழங்கப்படுகிறது. நோய் முற்றிய நிலைகளில் 600 மி.கி. வரை தரப்படலாம். குழந்தைகளுக்கான அளவு உடலின் பரப்பளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அளவை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

மாத்திரையை உணவுடன், ஒரு பெரிய குவளை நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டலும் வயிற்று எரிச்சலும் அதிகரிக்கும். விழுங்க இயலாதவர்கள், 400 மி.கி. மாத்திரையைச் சுமார் 200 மி.லி. தண்ணீரிலோ ஆப்பிள் சாற்றிலோ இட்டுக் கலக்கி, கரைந்தவுடன் முழுவதையும் பருகலாம். 100 மி.கி. மாத்திரைக்கு 50 மி.லி. போதுமானது. பொடியான மருந்து தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைக் கையாளுதல் கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். ஈடு செய்வதற்காக இரு மடங்காக உட்கொள்ளக் கூடாது. மாத்திரை உட்கொண்டபின் வாந்தி எடுத்தாலும், மருத்துவரைக் கேட்காமல் மற்றொன்றை விழுங்கக் கூடாது.

மாத்திரை 100 மி.கி., 400 மி.கி. ஆகிய இரு அளவுகளில் விற்கப்படுவதால் கவனம் தேவை. சீட்டில் ‘ஒரு மாத்திரை’ என்று மட்டும் எழுதியிருந்து, கடையில் 100 மி.கி. அட்டை வழங்கப்பட்டால், நோயாளிக்குக் கிடைப்பது தேவையான அளவில் கால் பங்கே. ஒவ்வொரு முறையும் அட்டையின் மேலுள்ள அளவைப் படித்துப் பார்த்தபின் வாங்க வேண்டும்.

விரத நாள்களில்

ஏகாதசி, நவராத்திரி, ரமலான் போன்ற விரத காலங்களில் மாத்திரையை விட்டுவிடும் எண்ணம் எழலாம். இமாட்டினிப் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு வேளை மட்டுமே என்பதால், விரதம் முடித்து உண்ணும் முதன்மை உணவுடன் அதை உட்கொள்ளும்படி நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

இதே நோய்க்கு வழங்கப்படும் பிற மாத்திரைகளுக்கு இவ்விதி பொருந்தாது. ‘நிலோட்டினிப்’ மருந்தை, முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் எதுவும் உண்ணாமல் உட்கொள்ள வேண்டும். உணவுடன் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். ‘டாசட்டினிப்’ உட்கொள்வோர், அமில நீக்கி மருந்துக்கும் அதற்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். ஆகவே, ஒரு நோயாளிக்குச் சொல்லப்பட்ட வழிமுறையை மற்றொருவர் பின்பற்றுதல் ஆபத்தாக முடியலாம்.

சேரக் கூடாத மருந்துகள்

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை இமாட்டினிப் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுகின்றன. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது முக்கியமான எச்சரிக்கையாகும். மாறாக, கீட்டோகொனசோல், இட்ராகொனசோல் முதலிய பூஞ்சை மருந்துகளும் கிளாரித்ரோமைசினும் அதன் அளவை உயர்த்துகின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின் ஆகியவற்றை உட்கொள்வோரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பாராசிட்டமால் கூட அவரைக் கேட்ட பின்னரே உட்கொள்ளத்தக்கது.

மருந்துக் குறிப்பில் தவிர்க்கச் சொல்லப்படும் ‘கிரேப்ஃப்ரூட்’ என்பது திராட்சை அன்று. பம்பளிமாஸுக்கு நெருங்கிய, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பழமாகும். பம்பளிமாஸையும் தவிர்ப்பது நல்லது. நாட்டு மருந்து, லேகியம், மூலிகைச் சூரணம் எதுவாயினும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பக்கவிளைவுகளும் எச்சரிக்கை அறிகுறிகளும்

கண்களைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, சோர்வு ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றில் பலவற்றை எளிய சிகிச்சையால் சமாளிக்க முடியும் என்பதால், தொல்லை தாங்காமல் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதைவிட மருத்துவரிடம் கூறுவதே சரியான வழி. உடலில் நீர் தேங்குவதை அறிய, எடையைத் தவறாமல் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

எடை திடீரென உயர்தல், மூச்சுத்திணறல், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், ரத்தக்கசிவு, கருநிற மலம், கண்கள் மஞ்சளாதல் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனையை அணுக வேண்டும். தலைச்சுற்றல் உள்ளபோது வாகனம் ஓட்டக் கூடாது. முன்பு ஹெபடைடிஸ்-பி தொற்றுக்கு ஆளானவர்களுக்கு அது மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக்கு முன்பே அதற்கான பரிசோதனை தேவை.

கருத்தரிப்பு

மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்நோய் இளைய வயதினரிடம் காணப்படுவதால், மகப்பேறு பற்றிய கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. கருவுக்குத் தீங்கு விளையக்கூடும் என்பதால் சிகிச்சையின்போதும், முடிந்த பின் 14 நாள்கள் வரையிலும் பெண்கள் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும். தாய்ப்பால் ஊட்டுதலைச் சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் ஒரு மாதமும் தவிர்க்க வேண்டும். குழந்தை பெற விரும்புவோர் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவருடன் திட்டமிட வேண்டும்.

பரிசோதனைகள்

ரத்த அணுக்களின் எண்ணிக்கை முதல் மாதம் வாரந்தோறும், இரண்டாம் மாதம் இரு வாரங்களுக்கு ஒரு முறையும், பின்னர் தேவைக்கேற்பவும் பரிசோதிக்கப்படுகிறது. கல்லீரல் செயல்பாடும் கண்காணிக்கப்படுகிறது. கலப்பு மரபணுவின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை 3 மாதங்களுக்கு ஒரு முறை மேற்கொள்ளப்படுகிறது. சர்வதேச அளவுகோலின்படி அது 3 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மிகாமலும், 6 மாதங்களில் 1 சதவீதத்துக்கு மிகாமலும், 12 மாதங்களில் 0.1 சதவீதத்துக்கு மிகாமலும் குறைவது நல்ல பலனாகக் கருதப்படுகிறது. அளவு மீண்டும் உயர்ந்தால், மாத்திரை தவறியதா என்பதையே மருத்துவர்கள் முதலில் கேட்பர். அக்கேள்விக்கு உண்மையான பதில் கூறுவது இன்றியமையாதது. இல்லையேல் தேவையின்றி மருந்து மாற்றப்படும்.

விலையும் தொடர்ச்சியும்

இம்மருந்தின் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளித்த விண்ணப்பம் 2006-இல் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அப்போது அசல் மருந்துக்கு மாதம் சுமார் 1.20 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மருந்துக்கான செலவோ சுமார் 10 ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அத்தீர்ப்பு ஜெனரிக் மருந்துகள் தொடர்ந்து கிடைப்பதை உறுதி செய்தது. 2015-இல் உலக சுகாதார அமைப்பு இம்மருந்தை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பொருளாதார நெருக்கடியால் மாத்திரையைப் பாதியாக்கியோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ உட்கொள்ளக் கூடாது. மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களில் புற்றுநோய் மருந்துகள் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருப்போர் தமக்குரிய உதவி குறித்துச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் கேட்டறியலாம். அட்டையில் பத்து நாள்களுக்கான மாத்திரை எஞ்சியிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுவதும், பயணத்தின்போது மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பானவை.

நிறுத்தலாமா?

பல ஆண்டுகள் சிகிச்சை பெற்று, நோய் மரபணு நீண்டகாலம் தென்படாத நிலையிலுள்ள சிலருக்கு மருந்தை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. பிரான்சில் 100 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நிறுத்திய பின் ஓராண்டில் சுமார் 40 சதவீதத்தினருக்கே நோய் திரும்பாதிருந்தது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் 6 மாதங்களிலேயே அது நிகழ்ந்தது. அடிக்கடி பரிசோதிக்கப்பட்டதால் அதை உடனே கண்டறிந்து மருந்தை மீண்டும் தொடங்க முடிந்தது. இத்தகைய கண்காணிப்பு இல்லாமல், நோயாளி தாமாக மாத்திரையை நிறுத்துவதற்கு இடமே இல்லை.