புற்றுநோய் மீண்டும் வந்தால்: எத்தனை இடங்களில் என்று கேளுங்கள்

சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் நிம்மதியாக இருந்த வீட்டில், "அத்தாவுக்கு மறுபடியும் வந்துவிட்டது, நுரையீரலில் தெரிகிறதாம்" என்ற செய்தி வந்தால் எல்லோரும் இடிந்துபோகிறோம். பரவிவிட்டால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அந்த முடிவுக்கு வருமுன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை இடங்களில் வந்திருக்கிறது?

இடைப்பட்ட நிலை

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் புற்றுநோய்க்கும் உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்கும் நடுவே ஒரு நிலை உண்டு என்று 1995-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஹெல்மன், வெய்க்செல்பாம் இருவரும் எழுதினார்கள். பொதுவாக ஐந்து இடங்கள் வரை பரவியிருந்தால் இந்த வகையில் சேர்ப்பார்கள். அந்தக் கட்டிகளை மட்டும் குறிவைத்து அழிப்பதுதான் எஸ்.பி.ஆர்.டி. எனும் கதிர்வீச்சு முறை.

எப்படிச் செய்கிறார்கள்?

வழக்கமான கதிர்வீச்சு சிறு சிறு அளவாக ஐந்தாறு வாரம் நடக்கும். இதிலோ பெரும்பாலும் ஐந்து முறைக்குள், ஒவ்வொரு முறையும் அதிக அளவில் தருகிறார்கள். பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் ஒன்றுசேர்வதால் சுற்றியுள்ள பகுதிக்குக் குறைவாகவே போகிறது. மூச்சு விடும்போது கட்டி எவ்வளவு அசைகிறது என்பதை ஸ்கேனில் முன்பே அளந்துகொள்வார்கள். கத்தி இல்லை, மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவையில்லை. அன்றே வீடு திரும்பலாம். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு உடலில் தங்காது. பேரக்குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

பலன் எவ்வளவு?

கனடா மருத்துவர்கள் தலைமையில் நடந்த சேபர்-காமெட் ஆய்வில் 99 பேர் சேர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 18 சதவீதம். இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம். ஆனால் இந்தச் சிகிச்சை பெற்ற 66 பேரில் மூவர் அதன் பாதிப்பாலேயே இறந்தார்கள். மார்பகப் புற்றுநோயில் நடந்த இன்னொரு ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே இது எல்லோருக்கும் பொருந்தாது. முதலில் வந்த கட்டி கட்டுக்குள் இருப்பது, புதிய கட்டிகள் சிறிதாக இருப்பது, நோயாளி நடமாடும் நிலையில் இருப்பது ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்வார்கள். கட்டி குடலை ஒட்டியிருந்தால் ஆபத்து அதிகம். களைப்பு, நுரையீரல் அழற்சி, எலும்பு முறிவு போன்ற பின்விளைவுகளும் வரலாம்.

நம் பகுதியினர் செய்ய வேண்டியது

சேலம், நாமக்கல் மாவட்டத்தவர் முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவிலோ, ஏற்கெனவே பார்க்கும் டாக்டரிடமோ கேட்கலாம். இரண்டாவது கருத்துக்கு வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை உண்டு. சேலத்திலிருந்து ரயிலில் காட்பாடியில் இறங்கினால் வேலூர் பக்கம்தான். பழைய ஸ்கேன், பயாப்ஸி அறிக்கை, முன்பு கதிர்வீச்சு பெற்ற விவரம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பு கதிர் பட்ட இடம் தெரியாமல் டாக்டரால் திட்டமிட முடியாது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உண்டு. இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

இது பொருந்தாது என்று டாக்டர் சொன்னால், மருந்தும் வலி நிவாரணமும் தொடரட்டும். பொருந்தும் என்றால், கேட்காமல் விட்டதால் வாய்ப்பு நழுவிவிடக் கூடாது.