கைவசம் உள்ளவரை: கெடு கடந்த தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களை எதைக் கொண்டு அளப்பது?

இந்தோனேசியாவின் டெல்காம்-1 செயற்கைக்கோள் 1999 ஆகஸ்டில் ஏவப்பட்டபோது அதற்குக் குறித்த ஆயுள் 15 ஆண்டுகள். 2014-இல் அந்தக் கெடு முடிந்தது. அவ்வாண்டிலும் 2016-இலும், அதைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் வெளி ஆலோசகர்களும் அதன் நிலையை ஆராய்ந்து, குறைந்தது 2019 வரை இயல்பாக இயங்கும் என்றனர். 2017 ஆகஸ்ட் 25 அன்று அதன் ஆன்டெனா நோக்குத் திசை பிசகியது. ஏறத்தாழ 15,000 தரைத்தளங்கள் இணைப்பை இழந்தன. வங்கிகளின் ஏடிஎம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. சில நாள்களில், எக்ஸோஅனலிடிக் என்னும் அமெரிக்கக் கண்காணிப்பு நிறுவனத்தின் தொலைநோக்கிப் பதிவுகள் அந்தக் கோளிலிருந்து துண்டுகள் பிரிந்து செல்வதைக் காட்டின.

கெடு முடிந்ததும் ஓய்வு கொடுத்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்று இதற்கு உரை எழுதுவது எளிது. அந்த உரை போதாது. இன்டெல்சாட் 29இ 2016-இல் ஏவப்பட்டு 2019 ஏப்ரலில் செயலிழந்தது. 2016-இலேயே ஏவப்பட்ட இன்டெல்சாட் 33இ 2024 அக்டோபரில் துண்டுதுண்டாகச் சிதறியது. இரண்டும் இளமையிலேயே போனவை. மறுபுறம், 2007 மார்ச்சில் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-4பி, 12 ஆண்டுக் கெடுவைத் தாண்டி ஏறத்தாழ 15 ஆண்டுகள் விண்ணில் இருந்து ஒழுங்காக விடைபெற்றது. வடிவமைப்பு ஆயுள் என்பது ஒப்பந்தத்துக்காகவும் உறுப்புகளின் தரத்தேர்வுக்காகவும் எரிபொருள் ஒதுக்கீட்டுக்காகவும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அந்த நாளைத் தாண்டியதும் கோள் கெட்டுப்போய்விடுவதில்லை. ஆகவே வயதை அளவுகோலாக்குவது தவறு. ஒரு கோளைத் தன் இடத்திலிருந்து பத்திரமாக விலக்கும் திறன் இன்னும் கையில் இருக்கிறதா, அதை யார் சோதித்து யாருக்குச் சொல்கிறார்கள் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

புவிநிலைப் பாதை 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள ஒற்றை வளையம். அங்கே காற்றின் உராய்வு இல்லை. சிதறிய துண்டு தானாகக் கீழே விழுந்து எரியப்போவதில்லை. ஆயுள் முடியும் கோள்களை அந்த வளையத்துக்கு மேலே, சுமார் 300 கி.மீ. உயரத்திலுள்ள கல்லறைப் பாதைக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது பன்னாட்டு விண்கழிவு ஒருங்கிணைப்புக் குழுவின் வழிகாட்டுதல். சூரியன், நிலவு ஆகியவற்றின் ஈர்ப்பை எதிர்த்து வடக்கு-தெற்கு நிலையைக் காக்க ஓராண்டுக்கு ஏறத்தாழ நொடிக்கு 50 மீட்டர் திசைவேக மாற்றம் செலவாகிறது. கல்லறைப் பாதைக்கு ஏற நொடிக்கு 11 மீட்டர் போதும். அதாவது, கோளின் கடைசிக் கடமைக்கு வேண்டியது மூன்று மாத எரிபொருளுக்கும் குறைவு. அந்த மூன்று மாதங்களை வருமானமாக்கிக்கொள்ளும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரும்.

சிக்கல் அத்தோடு நிற்பதில்லை. தொட்டியில் என்ன மிச்சம் என்பதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதுபோல் எடையற்ற வெளியில் செய்ய முடியாது. ஒவ்வோர் உந்துதலுக்கும் எவ்வளவு போனது என்று ஏவிய நாளிலிருந்து எழுதிவைத்த கூட்டல் கணக்கு, தொட்டியின் அழுத்தமும் வெப்பமும் தரும் ஊகம் ஆகியவையே கட்டுப்பாட்டாளருக்குள்ள துணை. தொட்டி காலியாகக் காலியாக இக்கணக்கின் பிழை பெரிதாகத் தெரியும். பதினைந்து ஆண்டுகளில் அது சில மாத எரிபொருளுக்குச் சமமாகிவிடலாம். பிழையின் அளவே ஒதுக்கீட்டின் அளவாகும்போது ஒதுக்கீடு இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை.

இதற்குத் தொழில் கண்ட உபாயம் சாய்வுப் பாதை இயக்கம். வடக்கு-தெற்குக் காப்பை நிறுத்திவிட்டால் எரிபொருள் செலவு பெருமளவு குறையும். பாதையின் சாய்வு ஆண்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். கோள் வானில் ஒவ்வொரு நாளும் மேலும் கீழும் அசையும். வீட்டுக் கூரை டிஷ்ஷுக்கு அது ஆகாது. நகரும் ஆன்டெனா வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் போதும். சிக்கனம் என்ற அளவில் இது பாராட்டத்தக்கதே. ஆனால், ஓய்வுக்கு நாள் குறிக்க, பிழை உள்ளதாயினும், இருந்த ஒரே கடிகாரம் எரிபொருள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அதை நிறுத்தி வைத்தபின் கோளின் முடிவைத் தீர்மானிப்பவை மின்கலம், கதிர்வீச்சில் நலிந்த சூரியத் தகடு, உந்துவால்வு, மாற்று இல்லாமற்போன கட்டளைக் கருவி முதலியன. இவற்றில் சிலவற்றின் தேய்வு தெரியும். பல, போன பிறகே தெரியும்.

ஸ்பேஸ்வே-1 கோளின் கதையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். போயிங் கட்டிய இக்கோள் 2005 ஏப்ரலில் ஏவப்பட்டது. கெடு 12 ஆண்டுகள். அதைத் தாண்டிய பின் டைரக்டிவி நிறுவனம் அதை மாற்றுக் கோளாக வைத்திருந்தது. 2019 டிசம்பரில் அதன் மின்கலங்கள் வெப்பத்தால் மீளாச் சேதமடைந்தன. வெயில் இருக்கும்வரை தகடுகளே போதும். ஆனால் சம இரவு நாள்களையொட்டிய கிரகண பருவத்தில் கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும். அப்போது மின்கலம் இயங்கியே ஆக வேண்டும். இயங்கினால் வெடிக்கக்கூடும் என்றது போயிங். பருவம் தொடங்கும் நாள் 2020 பிப்ரவரி 25. தொட்டியிலோ சுமார் 73 கிலோ உந்துபொருள். விதிப்படி அதை வெளியேற்றித் தொட்டியைக் காலியாக்கிவிட்டே கோளைக் கைவிட வேண்டும். அதற்குக் காலம் போதாது. எனவே முழுதும் காலியாக்காமலே 300 கி.மீ. ஏற்றிவிட்டு அணைக்க, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் விதிவிலக்குக் கேட்டு வாங்கினார்கள். இதில் எரிபொருள் தீரவில்லை, மிகுதியாக இருந்ததே தொல்லை. கோளை வெறும் காப்பிருப்பாக வைத்திருந்ததன் விலை, எல்லோருக்கும் பொதுவான விண்பாதையில் வெடிபொருளை ஏற்றி நிறுத்திய நிலை.

டிரான்ஸ்பாண்டர் (அலைகளை வாங்கித் திருப்பிப் பரப்பும் கருவி) ஓடுகிறது என்பது கோள் நம் கைவசம் இருப்பதற்குச் சான்றன்று என்பதைக் காட்டியது கேலக்ஸி 15 என்னும் தொலைத்தொடர்புக் கோள். 2010 ஏப்ரலில், ஆயுளில் மூன்றில் ஒரு பங்குகூட முடியாத நிலையில், அது கட்டளைகளை ஏற்க மறுத்தது. ஒலிபரப்பு மட்டும் நிற்கவில்லை. அண்டைக் கோள்களின் அலைவரிசைகளில் குறுக்கிடும் அபாயத்தோடு வளையம் நெடுக நகர்ந்தது. டிசம்பர் 23 அன்று மின்கலம் வற்றி, தானே மறுதொடக்கமாகி மீண்டது. 2022 ஆகஸ்டில், 15 ஆண்டுக் கெடு கழிந்தபின், மறுபடி கைநழுவியது. மாற்றாகக் கேலக்ஸி 33 ஏவப்பட அப்போது இரண்டு மாதங்களே இருந்தன.

கோளை ஏன் நீட்டிக்கிறார்கள்? விலை முழுதும் மீண்டுவிட்ட கோளின் வாடகை பெரும்பாலும் லாபமே. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளின்படி, பதிவு செய்த ஓர் இடத்தில் சேவையை நிறுத்திவைத்தால் மூன்றாண்டுக்குள் மீண்டும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அலைவரிசை உரிமை போய்விடும். புதுக்கோள் தாமதமானால் பழையதை இடம்பிடித்துவைக்கும் ஆளாக உட்காரவைப்பார்கள். உரிமையைக் காக்கும் விதியே மூப்பை வளர்க்கிறது என்பதே என் கணிப்பு.

தரநிலைகள் இல்லாமலில்லை. ஐஎஸ்ஓ 24113, கோளைப் பத்திரமாக விலக்கும் வெற்றி வாய்ப்பு குறைந்தது 0.9 இருக்க வேண்டும் என்கிறது. விலக்கலைத் தொடங்கும் நிபந்தனைகளை முன்கூட்டியே வகுக்கவும் சொல்கிறது. அமெரிக்க ஆணையம் ஒரு விண்ணப்பத்துக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் நீட்டிப்பதில்லை. ஆனால் அந்த 0.9-ஐக் கணக்கிடுவது இயக்குநரே. வெளியார் அதைத் தனியே சோதித்துப் பார்ப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. டெல்காம்-1 மதிப்பீடு தவறியது ஆராய்ந்தவர்களின் திறமைக்குறைவால் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஒரு மதிப்பீட்டை மூன்றாண்டுகள் நம்புவது மிகை. கெடு கடந்த கோளுக்கு மதிப்பீட்டின் ஆயுள் ஆறு மாதம் போதும்; ஒவ்வொரு கிரகண பருவத்துக்கு முன்பும் மின்கலம், கட்டளைப் பாதை, உந்துகருவி ஆகியவற்றின் நிலையை உரிமம் தந்த அமைப்புக்கு எழுத்தில் தரவேண்டும்; ஒன்றுக்கொன்று மாற்றாக உள்ள இரண்டு கருவிகளில் ஒன்று போனாலே, மீதமுள்ளதைக் கொண்டு சேவையை நீட்டாமல் மேலே ஏறத் தொடங்க வேண்டும்.

இது வணிகத்தை முடக்கும் என்பார்கள். இன்சாட்-4பி அந்த எதிர்வாதத்துக்குப் பதில். அதன் பெரும்பாலான சேவைகள் முன்னதாகவே வேறு ஜிசாட் கோள்களுக்கு மாற்றப்பட்டன. 2022 ஜனவரியில் ஒரு வாரத்தில் பல கட்ட உந்துதல்களால் வளையத்துக்கு மேல் சுமார் 340 கி.மீ. உயர்த்தி, மின்கலங்களைத் துண்டித்து, அலைபரப்பியை அணைத்தார்கள். கெடு கடந்த ஏறத்தாழ மூன்றாண்டுச் சேவையும் கிடைத்தது, வெளியேற்றமும் நடந்தது.

ஆயுள் நீட்டிப்பைச் சேவையாக விலைக்கு வாங்கும் வழியும் இப்போது உண்டு. ஸ்பேஸ்வே-1-க்குக் கிரகண பருவம் தொடங்கவிருந்த அதே 2020 பிப்ரவரி 25 அன்று, நார்த்ராப் குரும்மனின் ஆயுள் நீட்டிப்பு விண்கலமான எம்இவி-1, 2001-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 901-ஐப் பற்றிக்கொண்டது. பற்றிய இடம் புவிநிலை வளையமன்று, அதற்கு மேலுள்ள கல்லறைப் பாதை: முதல் முயற்சி பிசகினால் பாதிப்பு மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காக. ஐந்தாண்டுச் சேவைக்குப் பின் 2025-இல் 901-ஐ மறுபடி அங்கேயே கொண்டுவிட்டுவிட்டு எம்இவி பிரிந்தது. நீட்டிப்பு ஒப்பந்தத்திலேயே வெளியேற்றமும் ஒரு பிரிவாக இருந்தது. அதைத் தனியே நினைவூட்ட யாரும் வேண்டியிருக்கவில்லை.