இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

கெடாத் தோட்டப் பள்ளியொன்றில் 24 மாணவரைச் சம வரிசைகளாக நிறுத்த எட்டு வழிகள் உண்டு. 1, 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகியவை 24-ஐ மீதமின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை.

இவ்வாறு தம்மிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுஎண் தொகையில் விஞ்சும் எண்களைப் பற்றி ஸ்ரீனிவாச இராமானுஜன் எழுதிய ஆராய்ச்சியை இலண்டன் கணிதக் கழகம் 1915-இல் வெளியிட்டது. தமிழகத்தில் எஃப்.ஏ. தேர்வில் தவறியவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றுத் தந்தது இவ்வாராய்ச்சியே!

அதிலுள்ள அட்டவணை 6,746,328,388,800 வரை செல்கிறது; இவ்வெண்ணுக்கு 10,080 வகுஎண்கள். எல்லாம் கையால் போட்ட கணக்கு. ஆயினும் 293,318,625,600 என்னும் எண் அதில் விடுபட்டுப் போயிற்று.

2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒவ்வொரு முறைத்தொகையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2. விடை 5,040, அத்தனை வகுஎண்கள் இதற்கு உண்டு.

வியப்பு யாதெனில், விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்து நிற்கிறது.